மூச்சு வாங்கினால் வயதைக் குறை சொல்லாதீர்கள்



காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளைச் சேவிக்க அத்திகிரியின் 24 படிகளையும் ஏறியாக வேண்டும். வருடா வருடம் சிரமமில்லாமல் ஏறுகிற ஒருவர், இந்த வருடம் பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார் என்று வையுங்கள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. "வயசாச்சு இல்லையா, மெதுவா வாங்க" என்கிறார்கள் கூட வந்தவர்கள். அவரும் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு மிச்சப் படிகளை ஏறுகிறார். போன வருடத்தைவிட இந்த வருடம் கூடியது ஒரே ஒரு வயதுதானே? அந்த ஒரு வயதா இவ்வளவு மூச்சைப் பறிக்கும்?

இந்த இடத்தில் நாம் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று, இதய வால்வுக் கோளாறு. நம் இதயத்தில் நான்கு வால்வுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி, ரத்தத்தை முன்னே போகவிடும், பின்னால் திரும்ப விடாது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை இவை திறந்து மூடுகின்றன. இவற்றுக்கு வரும் கோளாறு பெரும்பாலும் இரண்டே வகை. சரியாகத் திறக்காமல் சுருங்கிப்போவது ஒன்று. சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிவது இன்னொன்று. இரண்டுமே ஒரே வால்வில் சேர்ந்து வருவதும் உண்டு. எப்படியானாலும், வழக்கமான வேலைக்கே இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியதாகிறது.

காரணம் என்ன? வயதானவர்களுக்கு, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கிற அயோர்டிக் வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து அது விறைத்துப் போகும். நூற்றில் ஒருவர் இருவருக்கு, மூன்று இதழ் இருக்க வேண்டிய அந்த வால்வு பிறவியிலேயே இரண்டு இதழோடு இருக்கும். அவர்களுக்கு இந்தச் சிக்கல் முன்னதாகவே வரும். மாரடைப்புக்குப் பிறகும், இதயம் வீங்கிப் பெருத்தாலும் வால்வு கசியலாம். பல் ஈறு போன்ற இடங்களிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் தங்கி அதை அரிப்பதும் உண்டு.

ஆனால் இளவயதிலேயே வால்வு கெட்டுப்போனவர்களைப் பார்த்தால், நம் நாட்டில் பலருக்கும் காரணம் சின்ன வயதில் வந்த தொண்டை வலிதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள்தான் இது அதிகம். கிருமியை எதிர்க்க உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள்களே மூட்டுகளையும் இதயத்தையும் சேர்த்துத் தாக்கிவிடுகின்றன. இன்றைக்கு முழங்கால் வீங்கி வலிக்கும். நாளைக்கு அது சரியாகி கணுக்காலில் வலி. அப்புறம் மணிக்கட்டில். "வளர்ற புள்ளைக்கு அப்படித்தான் வலிக்கும்" என்று தைலம் தடவுவோம். மூட்டு வலி சுவடில்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு மட்டும் தங்கிவிடும். அது இறுகி, முக்கியமாக அந்த நான்கில் ஒன்றான மைட்ரல் வால்வைச் சுருக்கி, தொந்தரவாக வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம்.

இந்தக் கிருமி நெருக்கமான இடத்தில் எளிதாகப் பரவும். காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் பல வீடுகளில் பாதி இடம் தறிக்கே போய்விடும். மிச்ச இடத்தில்தான் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். கோர்வைச் சேலை நெய்தால் கரைக்கான நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆளும் உட்கார வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்த தொண்டைக் கிருமி மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்ற அதிக நேரம் ஆகாது. ஆகவே, இருமலோ மூக்கொழுகலோ இல்லாமல் காய்ச்சலும், எச்சில் விழுங்கினால் வலியும், கழுத்தில் நெறிகட்டுதலும் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் போன்ற மருந்தை ஆரம்பித்தால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, அது திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவார்கள். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறது என்பதற்காக அந்த ஊசியை நாமாக நிறுத்தக் கூடாது.

இனி அறிகுறிகள். முதலில் வருவது பெரும்பாலும் மூச்சு வாங்குவதுதான். குழித்தறியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு இது சட்டென்று தெரியாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் படி ஏறும்போதும்தான் தெரியும். அதுகூடத் தெரியாமல், பலர் தங்களை அறியாமலே நடையைக் குறைத்துக்கொண்டு "எனக்கு ஒன்றுமில்லை" என்பார்கள். அடுத்து, படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். நடு இரவில் எழுந்து திண்ணையில் வந்து உட்காருவார்கள். நெஞ்சு படபடக்கும். சாயங்காலமானால் கால் வீங்கும், கொலுசு இறுகும். அயோர்டிக் வால்வு சுருங்கியவர்களுக்கு நடக்கும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வரலாம். இதை "வாயு" என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பது ஆபத்து.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அதுவரை சமாளித்துவந்த குறுகிய வால்வு அப்போதுதான் திணறும். மாசமாக இருந்தால் மூச்சு வாங்குவது சகஜம்தான். ஆனால் படுக்கவே முடியாத மூச்சுத் திணறலும், இருமினால் ரத்தமும் சகஜமல்ல.

கண்டுபிடிப்பது கடினமில்லை. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாலே இதய ஒலியின் நடுவே ஒரு முணுமுணுப்பு பல சமயம் கேட்கும். எக்கோ பரிசோதனையில் வால்வு அசைவதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். ஊசி குத்துவதில்லை, வலியும் இல்லை. எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. சுருங்கிய மைட்ரல் வால்வைத் தொடை வழியாகப் பலூன் செலுத்தி விரிக்கும் முறையை 1984-இல் ஜப்பானிய டாக்டர் கஞ்சி இனோவே வெளியிட்டார். அது முடியாதபோது வால்வைச் செப்பனிடுவார்கள், இல்லையென்றால் மாற்றுவார்கள். வெளிநாட்டு வால்வின் விலை எட்டாக்கனியாக இருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உள்நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்க முயன்று, மூன்று மாதிரிகளில் தோற்று, நான்காவதில் வென்றார்கள். 1990 டிசம்பரில் அந்த வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். முருங்கைக்கீரை போன்ற கீரைகளை ஒரு வாரம் ஏகமாகவும் மறு வாரம் அறவே இல்லாமலும் சாப்பிட்டால் மாத்திரையின் வேகம் மாறிவிடும். அளவாக, ஒரே சீராகச் சாப்பிடலாம். பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் வால்வு வைத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைச் சிகிச்சைகளும் அடங்கும். எனவே செலவுக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்று வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருடம் சுலபமாகச் செய்த எந்த வேலை இந்த வருடம் மூச்சு வாங்க வைக்கிறது?" அப்படி ஒரு வேலையை யாராவது சொன்னால், அவரை டாக்டரிடம் அழைத்துப் போய் "நெஞ்சில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், எக்கோ தேவையா என்று சொல்லுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.