சொல்வதெழுதுதல் சொல்லும் செய்தி



பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கிறீர்கள். சொல்வதெழுதுதல் பக்கத்தில் சிவப்பு மையால் போட்ட வட்டங்களை எண்ணுகிறீர்கள். வட்டம் குறைவென்றால் மகிழ்ச்சி, அதிகமென்றால் திட்டு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணி மதிப்பெண் போட்டு வந்தேன். அது போதாது என்பதை எனக்குக் கற்பித்தவர்கள் என் மாணவர்களே.

ஒரு நாள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம் சொன்னேன்: ‘இரண்டு மாடுகள் வேலியைத் தாண்டிப் பள்ளித் திடலுக்குள் வந்தன.’ ஒரு பையன் நான்கு இடங்களில் லகரத்தையும் ளகரத்தையும் மாற்றி எழுதியிருந்தான். மாடுகள் ‘மாடுகல்’ ஆயின. வேலி ‘வேளி’ ஆயிற்று. பள்ளி ‘பல்லி’ ஆயிற்று. திடலுக்குள் ‘திடலுக்குல்’ ஆயிற்று. வகுப்பே சிரித்தது. நானும் அவனைக் கடிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த சிறுமிக்கு ஒரே ஒரு பிழை. ‘வந்தன’ என்பதை ‘வந்தது’ என்று எழுதியிருந்தாள். அவளைப் பாராட்டினேன்.

மாலையில் அந்த இரண்டு நோட்டுகளையும் மறுபடி பார்த்தபோதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. அந்தப் பையனின் குறை காதிலும் எழுத்திலும் இருந்தது. இலக்கணத்தில் அவன் தவறவே இல்லை. ‘மாடுகள்’ என்று பன்மையில் தொடங்கி ‘வந்தன’ என்று பன்மையில் முடித்திருந்தான். ‘வேலியைத் தாண்டி’ என்பதில் வரவேண்டிய தகர ஒற்றையும் விடவில்லை. அந்தச் சிறுமிக்கோ எழுத்து நன்றாக வந்திருந்தது. பலவின்பால் வினைமுற்று வரவில்லை. நான்கு பிழை செய்தவன் வாக்கியத்தைச் சரியாகக் கட்டினான். ஒரு பிழை செய்தவள் அதன் முடிவில் தடுமாறினாள். நானோ பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டேன்.

சொல்லைக் கேட்டு அப்படியே எழுதுவதில் இலக்கணம் எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அறிஞர்களிடையேயும் இந்த வாதம் இருந்தது. சொற்களும் அவற்றின் வரிசையும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிடுவதால் இதில் அளப்பதற்கு அதிகமில்லை என்று 1961-இல் ராபர்ட் லாடோ எழுதினார். 1971-இல் ஜான் ஆலர் அதை மறுத்தார். நீண்ட வாக்கியத்தை ஒலியாக மட்டும் மனத்தில் வைத்திருக்க முடியாது. பிள்ளை பொருளைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இலக்கணத்தால் வாக்கியத்தைத் திரும்பக் கட்டுகிறது. தெரியாத இடத்தில் தன் வழக்கத்தை வைத்து நிரப்பிவிடுகிறது. ‘மாடுங்க வந்துச்சு’ என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘வந்தன’ என்பது புதிய சொல். அது ‘வந்தது’ என்று எழுதுவதில் வியப்பில்லை.

ஆகவே, சொல்லும் முறையில் கவனம் வேண்டும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னால் பிள்ளை ஒலியை மட்டுமே எழுதும். முதல் முறை முழு வாக்கியத்தையும் இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். அப்போது பென்சில் கீழே இருக்கட்டும். இரண்டாம் முறை, ‘இரண்டு மாடுகள் – வேலியைத் தாண்டிப் – பள்ளித் திடலுக்குள் வந்தன’ என்று பொருள் பிரியும் இடத்தில் நிறுத்துங்கள். மூன்றாம் முறை சரிபார்ப்பதற்காகச் சொல்லுங்கள். ஒற்று வரும் இடத்தை அழுத்திச் சொல்லி விடையைக் காட்டிக் கொடுக்காதீர்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு மூன்று நான்கு சொற்கள் போதும்.

ஒரு பிழையைக் கண்டதும் முடிவு கட்டவும் கூடாது. அது கைத்தவறாக இருக்கலாம். ‘குருவிகள் கூடு கட்டின’, ‘பூக்கள் மலர்ந்தன’ என்று அதே வகை வாக்கியங்களை இன்னும் இரண்டு மூன்று சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே தடுமாற்றம் வந்தால்தான் அது இலக்கணக் குறை. பிறகு வாய்மொழியாகவும் கேளுங்கள்: ‘ஒரு மாடு வந்தது, இரண்டு மாடுகள்?’ எழுத்தில் தவறிய பிள்ளை வாயால் சரியாகச் சொல்வதும் உண்டு. எப்போதும் ஒலிகளை மாற்றியே எழுதும் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதிலும் ஓர் எல்லை உண்டு. நாம் சொன்ன வாக்கியத்தைப் பிள்ளை கட்டுகிறதா என்பதைத்தான் சொல்வதெழுதுதல் காட்டும். தானாக வாக்கியம் அமைக்கிறதா என்பதை அறிய, மாடுகளைப் பற்றிச் சொந்தமாக இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

‘எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே’ என்று சில தாய்மார்கள் என்னிடம் சொல்வதுண்டு. விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், வெயிலேறிய பின் திரும்புகிற உங்களிடம் நான் இலக்கணம் கேட்கவில்லை. மாலையில் ஒரு வாக்கியம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிழையை வகை பிரிப்பது ஆசிரியரின் வேலை. பிள்ளை ‘வந்துச்சு’ என்று எழுதிவிட்டால் அதைக் கேலி செய்ய வேண்டாம். அது நீங்கள் கொடுத்த பேச்சு. வீட்டில் அதில் குற்றமில்லை. புத்தகத்துக்கு வேறொரு வடிவம் உண்டு என்று மட்டும் சொன்னால் போதும்.

மறுநாள் அந்தப் பையனை அழைத்து, ‘நீ வாக்கியத்தைச் சரியாக முடித்திருக்கிறாய்’ என்று வகுப்பின் முன் சொன்னேன். குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. லகர ளகரப் பயிற்சியை அவனோடு அன்றே தொடங்கினேன். அந்தச் சிறுமிக்குக் கொடுத்த பயிற்சி வேறு.

இன்று மாலை உங்கள் பிள்ளையின் நோட்டைத் திறக்கும்போது, எத்தனை பிழை என்பதோடு, எப்படிப்பட்ட பிழை என்றும் ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.