தரகரும் வணிகரும்



தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் என் தந்தையார் பீடோங்கை அடுத்து இரண்டு ஏக்கர் ரப்பர் நிலம் வைத்திருந்தார். கட்டிப்பாலை எடைபோடும் கடைக்காரரிடம் ஒருநாள், "தரகு எவ்வளவு பிடிப்பீர்கள்?" என்று கேட்டார். "ஒரு காசும் பிடிப்பதில்லை" என்று விடை வந்தது. அவ்விடை பொய்யன்று, வினாதான் தவறு.

தரகு என்னும் சொல் பழமையானது. பல்லவர் செப்பேடுகளிலேயே வரிப்பெயர்களுள் ஒன்றாகக் காணப்படுகிறது. விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்து வைப்பவர் தரகர். பொருள் ஒருபோதும் அவருடையதாவதில்லை. ரப்பர்க் கடைக்காரரோ தம் பணத்தைக் கொடுத்துச் சரக்கைத் தமதாக்கிக்கொண்டு, பின்னர் ஆலைக்கு விற்பவர். அவர் வணிகர். இரு விலைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடே அவர் வருவாய். அதனை எச்சீட்டிலும் காண இயலாது.

நூறு கிலோ கட்டிப்பாலில் உலர்ந்த ரப்பர் 50 விழுக்காடு உள்ளதாகக் கொள்வோம். கடைக்காரர் 45 என்று மதிப்பிட்டால், ஐந்து கிலோ ரப்பரின் விலை தரகு என்னும் பெயரின்றியே அவரிடம் தங்கிவிடும். வணிகர் ஆதாயம் பெறுவது குற்றமன்று. முதலை முடக்கி, விலை வீழ்ந்தால் இழப்பையும் அவரே ஏற்கிறார். எனினும் அவரிடம் கேட்க வேண்டியவை: மலேசிய ரப்பர் வாரியம் இன்று அறிவித்த விலை என்ன? என் பாலுக்கு எத்தனை விழுக்காடு வைத்தீர்கள்?

இன்று சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் சேமநிதிப் பணத்தில் பங்கு வாங்குவோர் உளர். புர்சா மலேசியாவில் நம் ஆணையை நிறைவேற்றும் நிறுவனம் தரகர். தரகுக் கட்டணத்தின் உச்சவரம்பு 0.70 விழுக்காடு; 10,000 ரிங்கிட் பங்குக்கு மிகுதியாக 70 ரிங்கிட். தரகு, தீர்வகக் கட்டணம், முத்திரைவரி யாவும் ஒப்பந்தச் சீட்டில் தனித்தனியே இருக்கும். ரெமிசியர் எனப்படுபவர்க்கு மாதச் சம்பளமில்லை. அத்தரகில் ஒரு பங்கே அவர்க்கு வருவாய். "இதை விற்று அதை வாங்குங்கள்" என்று அவர் அடிக்கடி சொன்னால், ஒவ்வொரு முறையும் அவர்க்குத் தரகு உண்டு என்பதை நினைவிற்கொள்க. வேடிக்கை என்னவெனில், அதே அலுவலகத்தில் சம்பளத்திற்குப் பிறர் ஆணைகளை நிறைவேற்றுபவரை 'டீலர்' என்கின்றனர். பெயரால் வணிகர், செயலால் அல்லர். அகராதியை மட்டும் நம்பினால் இங்கே இடறுவோம்.

நாணயமாற்றுக் கடையில் 'கமிஷன் இல்லை' என்ற பலகை தொங்கும். அதற்கு மேலேயே வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டும் இருக்கும். அவர் யார் என்பதை மாணவர்களே சொல்லட்டும். நம் பேச்சிலோ இவர்கள் அனைவரும் 'ஏஜென்ட்' ஆகிவிட்டனர்.

தந்தையாரின் எடைச்சீட்டு ஒன்றைக் கொணர்ந்துள்ளேன். எடை உண்டு, விலை உண்டு, தொகை உண்டு, விழுக்காடு எழுதப்படவில்லை. பார்க்க விரும்புவோர் மேசையருகே வரலாம்.