பேனா யார் கையில்?

(கூடைப்பந்து நடுவர் பயிற்சி முகாமின் இறுதி நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூணு நாளா விதிப்புத்தகம் படிச்சாச்சு. நாளைக்குத் தேர்வு. நான் விதி பற்றிப் பேசப்போவதில்லை. தேறிய பிறகு நீங்கள் சேரப்போகிற நடுவர் சங்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு வட்டாரச் சங்கத்தின் செயலாளர் என்கிற முறையில் இதைச் சொல்லியாக வேண்டும்.

சங்கம் என்ன செய்யுது? தேர்வு வைக்குது, பயிற்சி கொடுக்குது, போட்டி நடத்துறவங்ககிட்ட பேட்டா பேசி வாங்கித் தருது. இதெல்லாம் வெளியே தெரிகிற வேலை. உண்மையான அதிகாரம் ஒரே ஒரு தாளில் இருக்கிறது. எந்த ஆட்டத்துக்கு யார் விசில் ஊதுவது என்கிற டூட்டி லிஸ்ட். அதை எழுதுகிற பேனாதான் சங்கம்.

ஆடுகளத்தைப் பாருங்கள். 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே அதிகாரம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆட்களைக் கவனிக்க அம்பயர், பந்தைக் கவனிக்க ரெஃப்ரி. இன்றைய ஃபிபா விதியில் ஒரு நடுவர் சொன்ன முடிவை இன்னொரு நடுவர் தள்ளிவிட முடியாது. இரண்டு அணிகளோடும் நடுவருக்கு எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு ஃபவுலும் ஸ்கோர் ஷீட்டில் ஏறும். ஆட்சேபணை என்றால் கேப்டன் கையெழுத்துப் போட அதிலேயே இடம் இருக்கிறது.

40 நிமிட ஆட்டத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு. சங்க அறைக்கு? ஒண்ணுமில்லை. ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு பேனா.

அங்கே என்ன நடக்கும்? பேரைக் கேட்பார்கள். பேர் போதாதென்றால் ஊரைக் கேட்பார்கள். ஊரும் போதாதென்றால் எந்தத் தெரு என்பார்கள். தெரு தெரிஞ்ச பிறகு அந்தப் பையனுக்கு டேபிள் டூட்டி. வருஷக்கணக்கா 24 செகண்ட் கடிகாரத்தை அமுக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். ஃபைனல் ஊத வேறொருத்தர் வருவார். பெண் நடுவர் என்றால் பள்ளிப் பெண்கள் ஆட்டம் மட்டும். கேட்டால் அனுபவம் பத்தாது என்பார்கள். ஆட்டம் கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

இது நம்ம ஊர் நோய் மட்டுமில்லை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வில் கறுப்பு ஆட்டக்காரர்கள் 1950-ல் ஆட ஆரம்பித்தார்கள். கறுப்பு நடுவர்கள், ஜாக்கி ஒயிட்டும் கென் ஹட்சனும், 1968-ல்தான் வந்தார்கள். ஓடு, குதி, பந்து போடு என்று விட்டவர்களுக்கு, தீர்ப்புச் சொல் என்று விசிலைக் கொடுக்க 18 வருஷம் ஆச்சு. பெண்கள் கைக்கு விசில் போக 1997 ஆனது. வயலெட் பால்மர், டீ கான்ட்னர் என்று இரண்டு பேர். உழைப்பை வாங்கிக்கொள்ள யாரும் தயங்குவதில்லை. தீர்ப்புச் சொல்லும் இடத்தைத் தரத்தான் தயங்குகிறார்கள்.

அதே என்.பி.ஏ.வில், எந்த ஆட்டத்துக்கு யார் நடுவர் என்பது ஆட்டம் நெருங்கும்வரை ரகசியமாக இருந்தது. ரகசியம் என்றால் அதுக்கு ஒரு விலை உண்டு. டிம் டோனகி என்கிற நடுவர் சூதாட்டக்காரர்களுக்குத் துப்புக் கொடுத்து 2007-ல் மாட்டினார். 2008-ல் 15 மாதச் சிறைத் தண்டனை. இந்த விவகாரம் வெடித்த பிறகுதான் நடுவர் பெயர்களை ஆட்ட நாள் காலையிலேயே வெளியிட்டார்கள். லிஸ்டை ஒளித்து வைத்தால் நேர்மை வளராது, பேரம்தான் வளரும்.

எங்கள் சங்கத்தில் நாலு காரியம் செய்கிறோம். லிஸ்டை மூணு பேர் சேர்ந்து எழுதுகிறோம், அதில் ஒருவர் பெண். எழுதிய தாளை ஆடுகளத்துச் சுவரில் ஒட்டுகிறோம். சீசன் முடிவில் யாருக்கு எத்தனை ஆட்டம், அதில் எத்தனை ஃபைனல் என்று பொதுக்குழுவில் வாசிக்கிறோம். பேட்டா சீனியருக்கும் ஜூனியருக்கும் ஒரே தொகை, ஆட்டம் முடிஞ்ச அன்னிக்கே கையில்.

வாசிக்கிறப்போ சில பேர் எழுந்து போயிடுறாங்க. போகட்டும். சில கிளப்காரர்கள், எங்களுக்குப் பழகின ஆளைப் போடுங்க என்று போன் பண்ணுறாங்க. பழகின ஆள் என்பதாலேயேதான் போட முடியாது என்று சொல்கிறோம்.

நாளைக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அட்டை கிடைச்சதும் சும்மா இருந்துடாதீங்க. சந்தா கட்டுங்கள், பொதுக்குழுவுக்கு வாருங்கள், லிஸ்டைக் காட்டு என்று கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். நான் காட்ட மறுத்தால் அன்றைக்கே என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குங்கள்.