தலையெழுத்தும் வாரக் கடிதமும்

(நாகூரில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது)



கல்வியின் பெருமையைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். கல்வி நல்லது, பெருமையுடையது என்று சொல்லுவதற்கு ஒரு ஆள் வண்டிச் சத்தம் கொடுத்துக் கொண்டு நாகூர் வரையில் வரவேண்டியதில்லை. அது வேண்டாமென்கிறவர் இந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. ஆகவே பெருமையை விட்டுவிட்டு, எல்லோரும் சின்ன விஷயமென்று ஒதுக்கி விடுகிற ஒரு காரியத்தைப் பற்றியே பேச உத்தேசித்திருக்கிறேன். நாலாம் வகுப்பிலும் அய்ந்தாம் வகுப்பிலும் படிக்கிற நம் பிள்ளை திங்கள் முதல் வெள்ளி வரையில் வகுப்பில் என்ன செய்கிறது என்பது வீட்டுக்குத் தெரிகிறதா? தெரியவில்லையானால் தெரியச் செய்வதெப்படி? இவ்வளவுதான் விஷயம்.

ஒரு தகப்பனாரைப் பார்த்து, "பிள்ளை என்ன படிக்கிறான்?" என்று கேட்டால், "அஞ்சாவது" என்கிறார். "அஞ்சாவதில் இந்த வாரம் என்ன படித்தான்?" என்றால், "அதெல்லாம் வாத்தியாருக்குத்தான் தெரியும்" என்கிறார். அதே மனிதரிடம் ஒரு மாட்டை மேய்ச்சலுக்கு விட்டது பற்றிக் கேளுங்கள். எந்தத் திடலில் மேய்ந்தது, எந்தக் குட்டையில் தண்ணீர் குடித்தது, ஏன் இன்று பால் அரைப்படி குறைந்தது என்று எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லுவார். மாட்டுக்கு உள்ள விசாரணை பிள்ளைக்கு இல்லாமற் போனதற்குக் காரணமென்ன? அன்பில்லாமையா? இல்லை. பள்ளிக்கூடம் என்பது நாம் உள்ளே போய்க் கேட்கக் கூடாத ஒரு கர்ப்பக்கிரகம் என்பதாக நாம் நினைத்துக் கொண்டிருப்பதுதான் காரணம்.

இதன் பலன் என்ன? வருஷக் கடைசியில் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு வரவில்லை, ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரியவில்லை என்று தெரிந்தவுடன், "எல்லாம் அவன் தலையெழுத்து" என்று சொல்லி விடுகிறோம். ஜாதகம் பார்க்கிறவன் ஜாதகத்தைக் குறை சொல்லுகிறான். தாயத்துக் கட்டுகிறவன் கண்ணேறு என்கிறான். பெண் பிள்ளையாயிருந்தால், "பொட்டைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்று இன்னொரு நியாயம் கிளம்பி விடுகிறது.

தோழர்களே! அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் ஏன் வரவில்லையென்று சற்று விசாரித்துப் பாருங்கள். வகுத்தல் வரவேண்டுமானால் பெருக்கல் வாய்ப்பாடு வந்திருக்க வேண்டும். ஏழாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு நடந்த வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல். அல்லது வீட்டில் கலியாணம். அல்லது கந்தூரிக்கு விருந்தாளிகள் வந்து ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பிப் போன போது வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய் விட்டது. பிள்ளை வெட்கப்பட்டுச் சும்மா இருந்து விட்டது. வீட்டுக்குச் சேதியே இல்லை. இதிலே பிரமன் எங்கே வந்தான்? எழுதாமல் விடப்பட்டது ஒரு வாரத்துப் பாடம். அதற்குப் பழி சுமப்பது பிள்ளையின் தலை!

அதிலும் நாலாவது அய்ந்தாவது வகுப்புகளைப் பற்றி முக்கியமாக ஏன் சொல்லுகிறேனென்றால், மூன்றாவது வரையில் பிள்ளை வாசிக்கக் கற்றுக் கொள்கிறது. நாலாவதிலிருந்து வாசித்துத்தான் மற்றதையெல்லாம் கற்றுக் கொள்ள வேண்டியிருக்கிறது. சரித்திரம், விஞ்ஞானம், பின்னம் எல்லாம் அங்கே வருகின்றன. அய்ந்தாவது முடிந்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளை வேறு பள்ளிக்கூடம் போயாக வேண்டும். அங்கே புது வாத்தியார், புது இடம். அடைபடாத ஓட்டையோடு போகிற பிள்ளைதான் இரண்டொரு வருஷத்தில் நின்று கடைக்கும் படகுக்கும் போகிறது.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் அய்ந்து வரையிலான வகுப்புகளுக்கு வருஷத்திற்கு 200 வேலை நாளும், 800 மணி நேரப் படிப்பும் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது. 200 நாளென்றால் 40 வாரம். 800 மணியை 40-ஆல் வகுத்தால் வாரத்திற்கு 20 மணி. வாரத்திற்கு மொத்தம் 168 மணி. தூக்கத்தையும் மற்றதையும் தள்ளினாலும் பிள்ளை வீட்டிலும் தெருவிலும் இருக்கிற நேரம் வகுப்பு நேரத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்த 20 மணியில் நடந்தது இன்னதென்று மற்ற நேரத்துக்குச் சொந்தக்காரர்களான நமக்குத் தெரியாவிட்டால், ஒருவர் இறைக்கிற தண்ணீரை இன்னொருவர் வாய்க்கால் வெட்டி வெளியே விடுகிற கதைதானே?

நிற்க. சேதி அனுப்புவதென்பது இந்த ஊருக்குப் புதிதா? ராஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக் கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்தில், நாகூர்ச் சபுராளி வருஷக் கணக்கில் வீட்டைப் பிரிந்து இருந்தான். குடும்பத்தைக் கட்டிக் காத்தது எது? கடிதம். தமிழ் எழுத்துத் தெரியாத தாய்மாருங்கூட அக்காலத்தில் அரபு எழுத்தில் தமிழை எழுதவும் வாசிக்கவும் பழகியிருந்தார்கள். அரிசி விலை முதற்கொண்டு பிள்ளைக்குப் பல் முளைத்தது வரையில் கடல் தாண்டிப் போயிற்று. அவ்வளவு தூரத்துக்குச் சேதி அனுப்பி வாழ்ந்த ஊரில், இரண்டு தெரு தள்ளியிருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குச் சேதி வரவில்லையென்றால் நியாயமா?

"கைப்பேசிதான் இருக்கிறதே, வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே" என்று ஒரு தோழர் கேட்கலாம். இருக்கிறது. அதில் வருவதென்ன? நாளைக்கு விடுமுறை, நாளன்றைக்குக் கூட்டம், இன்ன சான்றிதழைக் கொண்டு வா - இவைதான். அதுவும் எத்தனையோ வீடுகளில் தகப்பனார் சட்டைப் பையில் இருக்கிறது. தகப்பனார் கடலிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். பிள்ளைக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் இருக்கிற தாய்க்கு அது எட்டுவதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து விட்டார்கள் என்று பத்திரிகையில் படித்தால் மட்டும் நம் வயல் நனைந்து விடுமா? கடைமடைக்கு வந்து சேர்ந்தால்தான் அது தண்ணீர். சேதியும் அப்படித்தான்.

இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டா என்று சிலர் பயப்படுகிறார்கள். அதே 2009-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில், பிள்ளையின் வருகை, கற்கும் திறமை, படிப்பில் கண்ட முன்னேற்றம் இவைகளைப் பெற்றோரைக் கூட்டித் தெரிவிப்பது ஆசிரியரின் கடமையென்று எழுதியிருக்கிறது. 21-ஆவது பிரிவில், சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டுமென்றும், பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டுமென்றும் எழுதியிருக்கிறது. ஆகையால் நாம் கேட்பது தயவல்ல. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் மாண்டார்களே, அதற்குப் பிறகும் "உள்ளே என்ன நடக்கிறதென்று நமக்கேன்?" என்று இருக்கலாமா? பெற்றோர் தாராளமாய்ப் போய் வருகிற பள்ளிக்கூடத்தில் கூரையும் சமையல்கட்டும் யார் கண்ணிலும் படாமல் போகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் இணைக்கிறோம் என்று முன்னொரு தரமும் இந்நாட்டில் சொன்னார்கள். 1953-ல் இராஜகோபாலாச்சாரியார் முதன் மந்திரியாயிருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினம் 3 மணி நேரம் படிப்பு, மற்ற நேரம் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அது குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்றது. நம் இயக்கம் அதை எதிர்த்தது. 1954-ல் நாகப்பட்டினத்திலிருந்தே ஒரு எதிர்ப்புப் படை சென்னைக்கு நடந்து போயிற்று. அந்த வருஷமே காமராஜர் ஆட்சியில் அத்திட்டம் ஒழிந்தது. அந்த இணைப்புக்கும் நான் சொல்லும் இணைப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அது பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிரித்து வீட்டுத் தொழிலுக்குள் தள்ளியது. நான் சொல்லுவது பள்ளிக்கூடத்துப் படிப்பை வீட்டுக்குள் கொண்டு வருவது.

சரி, செய்ய வேண்டியதென்ன? வெள்ளிக்கிழமை கடைசி அரைமணி நேரத்தில் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு கடிதம் எழுத வேண்டும். இந்த வாரம் என்ன படித்தோம், எந்தக் கணக்குப் போட்டோம், எது கஷ்டமாயிருந்தது என்று பிள்ளைகளே சொல்ல, ஆசிரியர் கரும்பலகையில் எழுத, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் அரைத் தாளில் எழுதிக் கொள்ள வேண்டும். அதன் கீழே, அந்தப் பிள்ளை எத்தனை நாள் வந்தது, எதில் தேறியிருக்கிறது, எதில் தடுமாறுகிறது என்று ஆசிரியர் இரண்டே வரி எழுத வேண்டும். சட்டப்படி ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகள். அய்ந்து நாளில் பங்கிட்டால் நாளைக்கு ஆறு பிள்ளைக்கு இரண்டு வரி. இது தாங்க முடியாத பாரமல்ல.

கடைசியில் வீட்டுக்கு ஒரு கேள்வி. "ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், நூறு மரக்கால் நெல்லுக்கு எத்தனை கலம், மிச்சம் எவ்வளவு?" என்று இருக்கட்டும். எழுத்தறியாத பாட்டி எட்டுக் கலம், நாலு மரக்கால் என்று தாளும் பென்சிலும் இல்லாமல் சொல்லுவாள். அன்றைக்குத்தான் பிள்ளைக்கு வகுத்தலென்றால் என்னவென்று விளங்கும். தன் பாட்டிக்கும் அறிவுண்டு என்றும் விளங்கும். மீனவர் குப்பத்துப் பிள்ளை ஏலத்தில் வந்த பணத்தைப் பங்கு பிரிப்பதைக் கேட்டு எழுதி வரட்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் எத்தனையாம் நாள் தன் வாய்க்காலுக்கு வந்ததென்று விவசாயி வீட்டுப் பிள்ளை கேட்டு எழுதட்டும்.

பிள்ளைகள் எழுதுவார்களா என்று சந்தேகப்பட வேண்டாம். பிரஞ்சு தேசத்தில் ஃபிரெனே என்று ஒரு கிராமத்து உபாத்தியாயர் இருந்தார். முதல் உலக யுத்தத்தில் நுரையீரலில் காயம்பட்டு, வகுப்பில் நெடுநேரம் பேச முடியாதவராகி விட்டார். 1920-களில் அவர் ஒரு சிறு அச்சு யந்திரத்தை வகுப்பில் வைத்து, பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதியதை அவர்களையே அச்சிடச் செய்து, வேறு மாகாணத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்பச் செய்தார். யாரோ படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளை கவனித்து எழுதும். நம் பிள்ளைக்குத் தன் தாயைவிட ஆவலாய்க் கேட்கிறவர் யார்?

"உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதே" என்கிறீர்களா? தெரியாதிருப்பதே இதற்கு வசதி! பிள்ளை வாசிக்க, உம்மா கேட்கட்டும். தட்டுத் தடுமாறி வாசிக்கிறதா, ஓட்டமாக வாசிக்கிறதா என்பதை அறியக் காது போதும். போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலையா என்று சொல்ல எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. பிறகு தாய் சொல்லுகிற பதிலைப் பிள்ளை கீழே எழுதிக் கொண்டு திங்கட்கிழமை போக வேண்டும். "ராத்திரி கண் வலிக்கிறதென்கிறான்", "வாய்ப்பாடு வரவில்லை, திரும்பச் சொல்லிக் கொடுங்கள்" - இப்படி. இரு வழியும் போய் வந்தால்தான் அது கடிதம். இல்லாவிட்டால் வெறும் தண்டோரா.

உபாத்தியாயர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடிதம் கோள் சொல்லும் கடிதமாகக் கூடாது. "உன் மகன் மக்கு" என்று எழுதியனுப்பினால், அன்று இரவு வீட்டில் பிரம்பு எடுப்பார்கள். மறுவாரம் பிள்ளை கடிதத்தைக் கிழித்து வெட்டாற்றில் போட்டு விடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கிறது. அந்த அடியைத் தபாலில் வீட்டுக்கு அனுப்புவது எந்த நியாயம்? பெற்றோர்களுக்கும் சொல்லுகிறேன்: ஆசிரியர் உண்மையை எழுதினார் என்பதற்காகப் பிள்ளையை அடித்தால், அடுத்த வாரம் உங்களுக்கு உண்மை வராது.

தோழர்களே! 1920-ல் சென்னை நகரசபை ஒரு பள்ளியில் மதியச் சோறு போட ஆரம்பித்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் அது விரிந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இன்னும் பெருகியது. 2022-ல் மதுரையில் ஆரம்பித்த காலைச் சிற்றுண்டி, 2023 ஆகஸ்டில் நம் ஜில்லாவின் திருக்குவளையிலிருந்தே மாநிலம் முழுதும் உள்ள சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. வயிற்றுக்குச் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி நடந்திருக்கிறது. இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் வேண்டியிருந்தது. நான் கேட்கிற வாரக் கடிதத்துக்கு வேண்டியது அரைத் தாளும், அரைமணி நேரமும், "எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்கிற துணிவுந்தான்.

தாய்மார்களே! முதலில் நீங்கள்தான் கேட்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு மாத்திரமல்ல, பெண் பிள்ளைக்கும் கேட்க வேண்டும். நாற்பது வாரத்துக் கடிதத்தையும் ஒரு நூலில் கோத்து வையுங்கள். பெண் பிள்ளையை அய்ந்தாவதோடு நிறுத்தலாமென்று வீட்டில் யாராவது சொன்னால், அந்தக் கட்டை எடுத்து முன்னால் வைத்து, "இதைப் படித்துவிட்டு நிறுத்துங்கள் பார்க்கலாம்" என்று கேளுங்கள்.

நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இதை ஒப்புக் கொள்ள வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த வாரம் என்ன படித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாயிருந்தால் நாலு பேராய்ப் போங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் திரும்பாதீர்கள்.