நீடில் வால்வு: கைப்பலம் போதும்

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, தாம்பரத்திலிருந்து தினமும் திருமுடிவாக்கம் சிட்கோவில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போவேன். அங்கே ஒரு ஹைட்ராலிக் பிரஸ். 200 பார் அழுத்தம். பிரஷர் கேஜுக்குக் கீழே நீடில் வால்வில் எண்ணெய் கசிஞ்சது. ஸ்பேனரால கைப்பிடியை முறுக்கினேன். நிக்கலை. எங்கேன்னு விரலால தடவப் போனேன்.

"கையை எடுடா! எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும்"னு சீனியர் அண்ணன் கத்தினார்.

மெஷினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிட்டுக் கழற்றினோம். ஊசி முனையில் வளையமா ஒரு தழும்பு. நான் முறுக்கினதால வந்தது. உண்மையில கசிவு ஸ்டெம் பக்கம். கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கியிருந்தாலே போதும். என்னால புது வால்வே வாங்க வேண்டியதாச்சு.

வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. ஓட்டத்தை நுணுக்கமா குறைக்கக் கூட்டத்தான் நீடில் வால்வு. சும்மா திறந்து மூட பால் வால்வு போதும். காத்துக்கும் தண்ணிக்கும் பித்தளை சரி. அம்மோனியா பட்டா பித்தளை வெடிக்கும், அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அழுத்த அளவு லைனோட அழுத்தத்தைவிட அதிகமா இருக்கணும்.

மூட ஸ்பேனர் தேவைப்பட்டா, அந்த வால்வு ஏற்கெனவே கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.