தோல் ஷாப்புப் பிள்ளையின் பாடக்குறிப்பு

தோழர்களே, ஆசிரியர் பயிற்சியில் இருக்கிற தம்பி தங்கைகளே,

பிளஸ் டூ முடிச்சு ரெண்டு வருஷப் பட்டயப் பயிற்சி. முதல் பாதி எப்படியோ ஓடிடும். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் அனுப்பும்போதுதான் நம்ம பிள்ளைங்க நின்னுபோகுது. படிப்பு வராமல் இல்லை. சார்ட்டு, ரெக்கார்டு நோட்டு, பஸ் காசு. அப்புறம், "எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?" என்கிற கேள்வி.

1996-ல் மூணாம் வகுப்புக்குத் தொழில்கள் பாடம் எடுத்தேன். ஆம்பூர் தோல் ஷாப்பில் எங்கப்பா செய்கிற வேலையையே சொன்னேன். சுண்ணாம்பில் ஊறினால் மயிர் கழலும், சதையை வழிக்கணும், ஆவாரம்பட்டைச் சாறு ஏறினால் தோல் அழுகாது. பிறகு குரோம் வந்தது, பாலாறு கெட்டது. பிள்ளைங்க மாறிமாறிக் கேள்வி கேட்டாங்க. பின்னால் உட்கார்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியர், "இந்த நாத்தமெல்லாம் பாடமா?" என்று பாடக்குறிப்பில் சிவப்புக்கோடு போட்டார்.

பாடம்தான். 1937 வார்தா மாநாட்டையொட்டி ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வியில், நூற்போடு தோல் வேலையும் கைத்தொழிலாக எழுதப்பட்டிருந்தது. பள்ளிக்குள்ளே அதிகம் வந்ததென்னவோ ராட்டைதான். தோலை வாசலில் நிறுத்தினது யார்?

வீட்டுக்கு வந்து, "இனி போகலை" என்றேன். ஷூ கம்பெனியில் தைத்துவிட்டு வந்த அக்கா, வாரக்கூலியைக் கையில் வெச்சு, "அதே பாடத்தை இன்னொரு தடவை எடுடா"ன்னு சொல்லுச்சு. எடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

உங்களுக்குத் தகுதித்தேர்வு வேற காத்திருக்கு. அதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம். இப்ப ரெக்கார்டு முடிக்காதவங்க கையைத் தூக்குங்க. சார்ட்டு வாங்கி வெச்சிருக்கோம், கூட்டம் முடிஞ்சதும் இங்கேயே உட்காருவோம்.