வயிற்றுப் புண்ணும் நம் உணவும்



நான் மருத்துவனல்லன்; இரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆயினும் நம் காலனியில், "மிளகாயை அறவே விட்டேன், இன்னும் எரிகிறதே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருந்துவோரைக் காணுந்தோறும், படித்தறிந்ததைச் சொல்லாதிருக்க மனம் ஒப்பவில்லை.

மிளகாய், இருக்கின்ற புண்ணை எரியச் செய்யலாம். புண்ணை உண்டாக்குவது வேறு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், நோயாளிகளின் இரைப்பையில் வளைந்த வடிவுடைய நுண்கிருமி ஒன்று குடியிருப்பதைக் கண்டனர். அமிலத்தில் கிருமி வாழாது என்பதே அன்றைய கொள்கை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் அதிக நாள் கிடக்கவே, கிருமி வளர்ந்து வெளிப்பட்டது. அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாளில் அவர் இரைப்பை அழன்றது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மற்றொரு காரணம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. கொழுப்பென்றால் தொந்தி ஒன்றையே நினைக்கிறோம். எண்ணெயிலுள்ள லினோலிக் அமிலத்தைக் கொண்டு உடல் படிப்படியாகப் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை ஆக்கிக்கொள்கிறது. இரைப்பைச் சுவர்மீது சளிப்படலம் சுரக்கச் செய்து, அமிலம் அரிக்காமல் காப்பது அதுவே. ஆஸ்பிரின் அதன் உற்பத்தியைத் தடுக்கிறதென்று 1971-இல் ஜான் வேன் காட்டினார். மூட்டுவலிக்கு நாள்தோறும் நாமாக விழுங்கும் புரூஃபன் போன்ற மாத்திரைகளும் இவ்வினத்தவை. சாப்பிட்ட பின் விழுங்கினால் தீங்கில்லை என்பர். மருந்து இரத்தத்தின் வழியாகவும் இவ்வேலையைச் செய்யவல்லது.

இனி, நமக்கு மிக நெருங்கிய செய்தி. இரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா, இரயில்வே ஊழியரிடையே ஆராய்ந்து 1964-இல் கட்டுரை வெளியிட்டார். கோதுமை உண்ணும் பஞ்சாபியரைவிட, அரிசி உண்ணும் தென்னாட்டாருக்கே இப்புண் மிகுதியெனக் கண்டார். ரொட்டியை மென்றுதான் ஆகவேண்டும், உமிழ்நீர் கலக்கும். குழம்புச் சோறோ மெல்லாமலே உள்ளே சென்றுவிடும். இது அவர் கூறிய விளக்கம். கிருமியோ வடக்கிலும் தெற்கிலும் பரவலாகவே இருக்கிறது. ஆகையால் அது மட்டுமே இவ்வேற்றுமையை விளக்காது. மைசூரில் அறுவை மருத்துவராயிருந்த பிராங்க் டோவி, உணவிலுள்ள சில கொழுப்புப் பொருள்களே காவல் என்று கருதினார். அவர் குழுவினரின் சோதனையில், கொள்ளிலிருந்து எடுத்த கொழுப்புப் பொருள் எலிகளின் இரைப்பையைக் காத்தது. குதிரைக்கென்று நாம் ஒதுக்கிய தானியம்! எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேருமென்று இதைக்கொண்டு முடிவுகட்டலாகாது. எனினும் கொள்ளு ரசம் வைக்கும் பாட்டியை இனி எவரும் நகைக்க வேண்டாம்.

சோற்றை விடச் சொல்லவில்லை, நானும் விடமாட்டேன். மென்று உண்ணுங்கள். எரிச்சல் நீடித்தால், அமிலம் தணிக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக் காலந்தள்ளாதீர்கள். மூச்சுச் சோதனையாலோ, குழாய்க் கருவியால் உள்ளே நோக்கியோ கிருமியைக் கண்டறிவர். இருந்தால், பெரும்பாலும் பதினான்கு நாள் மருந்து தருவர். நான்காம் நாளே எரிச்சல் அடங்கிவிட்டதென்று இடையில் நிறுத்தினால் கிருமி மீண்டும் தலையெடுக்கும். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, இரத்த வாந்தி கண்டாலோ, மறுநாள் டியூட்டி முடியட்டுமென்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.